உஷார்! பெற்ற பிள்ளையைப் பார்க்க விடாத ‘ஹோம்’ வேண்டவே வேண்டாம்

“மூணு மாசத்துக்கு அப்பா, அம்மா யாரும் வரக் கூடாது. வந்தா பிள்ளை செட்டில் ஆகாது. வாரா வாரம் நாங்களே வாட்ஸ்அப்ல வீடியோ அனுப்புறோம்.”

அறிவுசார் குறைபாடோ, ஆட்டிசமோ, மூளை முடக்குவாதமோ உள்ள பிள்ளையைத் தங்கும் விடுதியில் சேர்க்கப் போகும் பெற்றோருக்குச் சொல்லப்படும் பேச்சு இது. கேட்கும்போது அனுபவசாலியின் அறிவுரை மாதிரிதான் இருக்கும். இந்தப் பேச்சு காதில் விழுந்த நிமிடமே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அட்வான்ஸ் கட்டியிருந்தாலும் போனால் போகட்டும்.

நான் இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சாதாரணப் பிள்ளை ஹாஸ்டலில் அடி வாங்கினால் போனில் அழும், தோழனிடம் சொல்லும், லீவுக்கு வந்தால் திரும்பப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். நம் பிள்ளைகளில் பலருக்குப் பேச்சே கிடையாது. பேசுகிறவர்களுக்கும் நேற்று என்ன நடந்தது, யார் செய்தார்கள், எத்தனை மணிக்கு என்று கோவையாகச் சொல்ல வராது. தப்பு செய்கிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் தேடி வருகிறான். இந்தப் பிள்ளையின் சார்பில் பேச ஒரே ஒரு சாட்சிதான் உண்டு: அடிக்கடி வந்து, உடம்பைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, ஏதோ சரியில்லை என்று கண்டுபிடிக்கும் வீட்டு ஆள். அந்த ஆளையே வராதே என்கிற இடத்தில் பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

“அதெல்லாம் சின்ன ஊரில், அனுமதியில்லாமல் நடத்துகிற இடத்தில் நடப்பது. நாங்கள் பெரிய இடமாகப் பார்த்துத்தான் சேர்க்கிறோம்” என்று நினைக்கிறீர்களா? இங்கிலாந்தில் டான்காஸ்டர் நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஹெஸ்லி குழுமம் என்ற நிறுவனம் அங்கே மூன்று விடுதிகளை நடத்தியது. பெரும்பாலும் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ள பிள்ளைகள். பல ஊர் உள்ளாட்சி நிர்வாகங்கள் பெரும் தொகை கட்டி அனுப்பி வைத்தவர்கள். பலருக்குச் சொந்த வீடு வெகு தொலைவில். 2018 முதல் 2021 வரை அங்கே தங்கியிருந்த 108 பேரைப் பற்றி, அந்த நாட்டின் குழந்தைப் பாதுகாப்பு ஆய்வுக் குழு 2022 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. அடி, உதை, பாலியல் கொடுமை, மருந்தைத் தவறாகக் கொடுத்தது என்று எல்லாம் அதில் இருந்தன. மிளகாயைத் தின்ன வைத்தது, புண்ணில் வினிகர் ஊற்றியது, ராத்திரி முழுக்கக் குளியலறையில் அடைத்துப் போட்டது ஆகியவையும் பின்னால் வெளியே வந்தன. இத்தனையும் நடந்தபோது அரசின் ஆய்வு அமைப்பு அந்த விடுதிகளுக்குக் கொடுத்திருந்த தர மதிப்பு என்ன தெரியுமா? ‘நன்று’!

ஆய்வுக்கு வருகிறவர் அன்றைக்குக் கண்ணில் படுவதைப் பார்ப்பார், பதிவேட்டைப் பார்ப்பார். பிள்ளை கத்துவதையும் தன்னைத்தானே அடித்துக்கொள்வதையும் “அந்தக் குறைபாட்டால் வருவது” என்று சொல்லிவிட்டால் எழுதிக்கொண்டு போய்விடுவார். நம்மூர் ஆய்வு அந்த நாட்டு ஆய்வைவிடக் கண்டிப்பானது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல யாராலும் முடியாது.

அரசாங்கமே நடத்தினால் பயமில்லை என்பதும் சரியல்ல. டெல்லி ரோகிணியில் இருக்கும் ஆஷா கிரண், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக டெல்லி அரசே நடத்தும் இல்லம். கொள்ளளவை மீறி ஆட்களை வைத்திருந்த அந்த இல்லத்தில் 2024 ஜூலை ஒரே மாதத்தில் 14 பேர் இறந்தார்கள். செய்தி வெளியே வந்து, உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான் குடிநீர் சரியாக இருக்கிறதா, கூட்டம் ஏன் இவ்வளவு என்ற கேள்விகள் உரக்க எழுந்தன.

சேவை, ஆசிரமம், அன்பு என்ற பெயர்களை நம்பி விட்டுவிடலாமா? விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இருந்த அன்பு ஜோதி ஆசிரமத்தை நாம் மறந்திருக்க முடியாது. 2023 பிப்ரவரியில் அங்கிருந்து 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். மனநலம் பாதித்தவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், ஆதரவற்ற முதியவர்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் போட்டு வைத்திருந்தார்கள். உரிய அனுமதி கிடையாது. பாலியல் வன்கொடுமைப் புகார், ஆட்கள் காணாமல் போன புகார் என்று வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. அது எப்படி வெளியே வந்தது என்பதைக் கவனியுங்கள். அங்கே சேர்த்துவிட்ட முதியவரைப் பார்க்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஆளைக் காட்ட முடியவில்லை. அவர்கள் தரப்பு விடவில்லை, விஷயம் ஆட்கொணர்வு மனுவாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு மனிதரைப் பார்க்கக் கேட்டதால்தான் அத்தனை பேருக்கும் கதவு திறந்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். நியூயார்க்கில் வில்லோபுரூக் என்ற பிரம்மாண்டமான அரசு விடுதி. சுமார் 4,000 பேருக்காகக் கட்டியதில் 1960-களில் 6,000 பேருக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே வேலை பார்த்து நீக்கப்பட்ட இளம் மருத்துவர் ஒருவர், தன்னிடமிருந்த சாவியைக் கொண்டு 1972-இல் தொலைக்காட்சி நிருபரை உள்ளே அழைத்துப் போனார். உடுப்பில்லாமல், மலத்தில் கிடந்த பிள்ளைகளை நாடே பார்த்தது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1987-இல் விடுதி மூடப்பட்டது.

ஆகவே, விடுதியைப் பார்க்கப் போகும்போது சுவரில் வரைந்த மிக்கி மவுஸையும் புல்தரையையும் விடுங்கள். முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: “நான் சொல்லாமல் கொள்ளாமல் எந்த நாளும் வரலாமா? பிள்ளை தூங்கும் இடம்வரை போகலாமா?” வரவேற்பறையில் உட்கார வைத்து, தலைவாரிப் பவுடர் பூசிப் பிள்ளையைக் கூட்டிவந்து காட்டுவது, பார்க்க விடுவதாகாது. சமையல்கட்டு, கழிவறை, படுக்கும் ஹால் மூன்றையும் பார்க்க வேண்டும். சிறுநீர் நாற்றத்தை மறைக்க ஃபினாயிலைக் கொட்டியிருக்கிறார்களா என்பது மூக்குக்கே தெரிந்துவிடும். “மற்ற பிள்ளைகளின் பிரைவசி” என்று சொல்லித் தடுப்பார்கள். அந்தக் கவலை நியாயமானது. குளிக்கும் நேரம், உடை மாற்றும் நேரத்தில் அது செல்லும். நாள் முழுக்கச் செல்லாது.

அடுத்தது காகிதம். இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். அலுவலக அறையில் ஃபிரேம் போட்டு நிறைய சான்றிதழ்கள் தொங்கும். டிரஸ்ட் பதிவுப் பத்திரம், 12ஏ, 80ஜி, ஏதோ ஒரு சங்கத்தின் விருது, அமைச்சரோடு எடுத்த படம். இவற்றில் ஒன்றுகூடப் பிள்ளைகளைத் தங்க வைக்கும் உரிமம் இல்லை. டிரஸ்ட் பதிவு என்பது ஓர் அமைப்பு இருக்கிறது என்பதற்கான பதிவு. 80ஜி என்பது நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை. நீங்கள் கேட்க வேண்டியது, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி பெற்ற பதிவுச் சான்றிதழ். அந்தச் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, பதிவு இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் எதையும் நடத்தக் கூடாது. சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்பதும் சட்டம். பீரோவில் இருக்கிறது, ஆடிட்டரிடம் இருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். எந்தத் தேதி வரை செல்லும் என்று படியுங்கள். எத்தனை பேருக்கு அனுமதி என்று கேட்டுவிட்டு, கட்டில்களை நீங்களே எண்ணுங்கள்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தங்கும் இடத்துக்கு அது மட்டும் போதாது. இளைஞர் நீதிச் சட்டம், 2014-இல் தமிழ்நாடு கொண்டுவந்த பெண்கள், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்தும் சட்டம் ஆகியவற்றின் கீழும் பதிவோ உரிமமோ இருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தைகள் இல்லத்தைப் பதிவு செய்யாமல் நடத்தினால் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ உண்டு. இன்னொன்று, பலர் கவனிக்காதது. மனநலம் பாதித்தவர்களை வைத்திருக்க மாநில மனநல ஆணையத்தில் வாங்கிய உரிமத்தைக் காட்டி, “எங்களுக்கு லைசென்ஸ் இருக்கு” என்பார்கள். மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. முப்பது, நாற்பது வயது ஆண்கள் படுக்கும் ஹாலில் உங்கள் எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரு பாய் போடுவார்கள் என்றால், அந்த உரிமம் எத்தனை உசத்தியானதாக இருந்தாலும் வேண்டாம்.

விடுதிக்காரர் காட்டும் காகிதத்தோடு நிற்காதீர்கள். கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கும். விடுதியின் பெயரைச் சொல்லி, பதிவு இருக்கிறதா, புகார் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். அரை நாள் வேலை அது. பத்து வருடம் பிள்ளையை விடப் போகும் இடத்துக்காக அரை நாள் அலையலாம்.

இனி ராத்திரி. விடுதியைப் பகலில் பார்த்து முடிவு செய்கிறோம். கெட்டது பெரும்பாலும் இருட்டிய பிறகு நடக்கிறது. ஆயாக்கள் ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். ராத்திரி எத்தனை பேர் இருப்பார்கள், விழித்திருப்பார்களா, பெண் பிள்ளைகளின் ஹாலில் பெண் பணியாளர் உண்டா, சமையல்காரரும் வாட்ச்மேனும் எங்கே படுப்பார்கள், பெரிய பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகளும் தனித்தனி அறையா என்று துருவித் துருவிக் கேளுங்கள். கதவை வெளிப்பக்கமாகப் பூட்டுவார்களா, சாவி யாரிடம் என்றும் கேளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்றைக்குச் சங்கிலி கண்ணில் படாது. அதற்குப் பதில் கிழித்த புடவைத் துணி, துப்பட்டா, கட்டில் கால். “ஓடிடுவான் சார், அவன் நல்லதுக்குத்தான்” என்பார்கள். ஒரே ஒரு பிள்ளை கட்டப்பட்டிருப்பதைப் பார்த்தாலும் அங்கே உங்கள் பிள்ளையை விடாதீர்கள். அங்கே கிடக்கும் பிள்ளைக்காகவும் ஒரு புகார் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உயிர் போகும் இடம் இதுதான். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலிப்பும் இருக்கிறது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், நிற்காமல் தொடரும் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஸ்டாக் தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்கிக்கலாம் என்கிற அலட்சியமே போதும். விடுதிப் பொறுப்பாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “என் பிள்ளைக்கு ஃபிட்ஸ் வந்து அஞ்சு நிமிஷம் ஆகியும் நிக்கலைன்னா என்ன செய்வீங்க?” ஒருக்களித்துப் படுக்க வைப்போம், வாயில் எதையும் திணிக்க மாட்டோம், டாக்டர் எழுதிக் கொடுத்த மூக்கு ஸ்பிரேயை அடிப்போம், 108-ஐக் கூப்பிடுவோம் என்று பதில் வர வேண்டும். கையில் இரும்புச் சாவி கொடுப்போம் என்றால் அந்த இடத்தில் பிள்ளையை விட முடியாது.

இன்னொரு பக்கம், தேவையில்லாத மருந்து. ஆள் குறைவாக இருக்கும் விடுதிக்குத் தூங்கி வழியும் பிள்ளை வசதி. ரிஸ்பெரிடோன் போன்ற மாத்திரைகளைக் கடுமையான முரட்டுத்தனத்துக்கும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதற்கும் டாக்டர்கள் எழுதுவது உண்டு. மருத்துவர் கண்காணிப்பில், குறைந்த அளவில் கொடுத்தால் அது சிகிச்சை. பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக விடுதியே அளவைக் கூட்டினால் அது குற்றம். திடீரென்று எடை ஏறுவது, எச்சில் ஒழுகுவது, கை நடுங்குவது, உடம்பு விறைப்பாக இருப்பது, நீங்கள் பார்க்கப் போகும்போதெல்லாம் பிள்ளை அரைத்தூக்கத்தில் இருப்பது ஆகியவற்றைக் கண்டால், எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், யார் எழுதியது, சீட்டு எங்கே என்று அங்கேயே கேளுங்கள். மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள். சங்கோஜப்படாதீர்கள்.

பிள்ளை முரண்டு பிடிக்கிறது என்று மாத்திரை கொடுக்கும் முன் அதற்கு வலி இருக்கிறதா என்று பார்த்தார்களா? சொத்தைப் பல், காது வலி, ஒரு வாரமாக மலம் கழிக்காத வயிறு. இந்த மூன்றும் பேசத் தெரியாத பிள்ளையைத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ள வைக்கும். வீட்டில் அம்மா “ஏன்டா கண்ணு, வயிறு வலிக்குதா?” என்று தடவிப் பார்ப்பாள். விடுதியில் தடவிப் பார்க்க ஆள் உண்டா என்பதுதான் கேள்வி. கடைசியாகப் பல் டாக்டர் எப்போது வந்தார், மலம் கழித்ததைக் குறித்து வைக்கும் நோட்டு உண்டா என்று கேளுங்கள். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். அந்த நோட்டு வைத்திருக்கும் விடுதி, பிள்ளையைக் கவனிக்கிற விடுதி.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறையாவது போய் நில்லுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைப் படுக்க வைத்தோ, தலையைப் பின்னால் சாய்த்தோ, அவசர அவசரமாக ஊட்டினால் சோறு மூச்சுக்குழாய்க்குள் போகும். அதனால் வரும் நிமோனியாவில் பிள்ளை இறந்தால் சளி, காய்ச்சல் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஒரு ஆயாவே எட்டுப் பேருக்கு வரிசையாக ஊட்டினால் இது நடக்காமல் இருக்காது.

பெண் பிள்ளை என்றால் என் பயம் இரட்டிப்பாகிறது. 1994 பிப்ரவரியில் புனே சசூன் அரசு மருத்துவமனையில், ஷிரூரிலிருந்த அரசுச் சான்று பெற்ற விடுதியின் அறிவுசார் குறைபாடு உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மாதவிடாய்ச் சுத்தம் பார்க்க முடியவில்லை என்பது காரணம். பெண்கள் அமைப்புகள் போராடிய பிறகே அது நின்றது. இன்றைக்கும் “எடுத்துட்டா உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி” என்று யாராவது காதில் ஓதலாம். கர்ப்பப்பையை எடுத்தால் தீட்டு நிற்கும். பாலியல் கொடுமை நிற்காது, வெளியே தெரியாமல் போகும். இந்த ஆலோசனையைச் சொல்லும் விடுதி எதை மறைக்கப் பார்க்கிறது என்று யோசியுங்கள். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால், நாப்கின் மாற்ற நம் பெண்களில் பலரும் கற்றுக்கொள்கிறார்கள். ஆண் பிள்ளைக்கு இந்த ஆபத்து இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். பாதிக்கப்படுகிறவர்களில் பையன்களும் இருக்கிறார்கள். பெற்றோர் சந்தேகப்படாததால் அது இன்னும் ஆழத்தில் புதைகிறது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம், பிள்ளையின் ஊனத்தைப் பயன்படுத்திச் செய்யும் குற்றத்தையும், விடுதிப் பணியாளர் செய்யும் குற்றத்தையும் கடுமையானதாக வகைப்படுத்துகிறது. தெரிந்தும் புகார் கொடுக்காமல் மூடி மறைத்த நிர்வாகிக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. ஆனால், அந்தப் பாதுகாப்பு பதினெட்டு வயதோடு முடிகிறது. மனவயது ஆறாகவே இருந்தாலும் பிறந்த தேதிப்படி எண்ணும் வயதுதான் கணக்கு என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் பதினெட்டு நெருங்கும்போதே 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது பொருந்தும். பதிவு பெற்ற நிறுவனமும் உங்கள் சம்மதத்தோடு அப்படி விண்ணப்பிக்க வழி இருக்கிறது. எனவே, விடுதி நீட்டும் கற்றைக் காகிதத்தில் அந்தச் சம்மதமும் ஒளிந்திருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. “பத்து லட்சம் கட்டிடுங்க, ஆயுசு முழுக்க நாங்க பார்த்துக்குறோம்” என்பது மிகவும் ஆபத்தான பேரம். கட்டிய பிறகு பிள்ளையை வெளியே எடுக்க உங்களுக்குக் கை வராது. அதுவே அவர்களுக்குப் பலம். வீட்டை எழுதி வைக்கச் சொன்னாலும் அப்படித்தான். வெற்றுப் பத்திரத்திலும், “எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல” என்ற கடிதத்திலும் கையெழுத்து வேண்டாம். பிள்ளையின் தனித்துவ அடையாள அட்டை, ஆதார், பராமரிப்பு உதவித்தொகை வரும் வங்கிப் புத்தகம், ஏ.டி.எம். கார்டு எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும், நகல் போதும்.

இதையெல்லாம் படிக்கும் ஓர் அம்மாவுக்கு, “அப்போ நான் செய்யப் போறது பாவமா?” என்று தோன்றினால், இல்லை. ராத்திரி தூக்கம் போய், வேலை போய், சொந்தபந்தம் வீட்டுக்கு வருவதை நிறுத்தி, இடுப்பொடிந்து பதினைந்து வருடம் தூக்கிச் சுமந்த பிறகுதான் ஒருவர் விடுதி வாசலுக்கு வருகிறார். “எனக்கப்புறம் யாரு?” என்ற கேள்வி எந்நேரமும் கூடவே இருக்கிறது. பழி அவர்கள் மேல் இல்லை. வீட்டுப் பக்கத்தில் பகல்நேர மையமும், மாதத்தில் நாலு நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆளும் கிடைத்திருந்தால் பாதிப் பேர் விடுதியைத் தேடியே இருக்க மாட்டார்கள். ஊனத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 2016 சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோரால் முடியாதபோது முதலில் நெருங்கிய சொந்தம், பிறகு ஊருக்குள்ளேயே ஒரு குடும்பச் சூழல், விதிவிலக்காக மட்டும் காப்பகம் என்பது சட்டம் வைத்திருக்கும் வரிசை. ஊருக்குள் அந்த ஏற்பாடுகளைச் செய்து தராத அரசை நாம் கேட்க வேண்டும். ஆகவே, முடிவெடுக்கும் முன் பகல்நேரச் சிறப்புப் பள்ளி, குறுகிய காலம் தங்க வைக்கும் இடம் எதையாவது முயன்று பாருங்கள். விடுதிதான் என்றால், இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் பாருங்கள். தூரத்து ஊர் விடுதி எத்தனை பிரமாதமாக இருந்தாலும், நாளடைவில் வாரம் மாதமாகும், மாதம் தீபாவளி, பொங்கலாகும்.

பிள்ளை ஏற்கனவே விடுதியில் இருக்கிறதா? இந்த வாரமே போங்கள், சொல்லாமல் போங்கள். நீங்களே குளிப்பாட்டக் கூட்டிப் போங்கள், தண்ணீர் ஊற்றும் முன் உடம்பைப் பாருங்கள். காதுக்குப் பின்னால், உச்சந்தலை, மேல்கையின் உட்பக்கம், தொடை, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாவற்றையும் பாருங்கள். கட்டிய தடம் மணிக்கட்டிலும் கணுக்காலிலும்தான் தெரியும். எடை பாருங்கள், சேர்த்த அன்று என்ன எடை என்று எழுதி வைத்திருந்தால் அதோடு ஒப்பிடுங்கள், இல்லையென்றால் இன்றிலிருந்து எழுதுங்கள். குறிப்பிட்ட ஒருவர் அறைக்குள் வந்ததும் பிள்ளை ஒடுங்குகிறதா, புதிதாகப் படுக்கையை நனைக்கிறதா, உடை மாற்ற விடாமல் திமிறுகிறதா, யாராவது கையை ஓங்கினால் தலையைப் பொத்துகிறதா? மாதம் ஒரு முறை வீட்டுக்கு அழைத்து வந்து இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அதே விடுதியில் பிள்ளை விட்டிருக்கும் மற்றப் பெற்றோரின் நம்பரை வாங்கி, ஆளுக்கொரு வாரம் முறை வைத்துப் போய்வாருங்கள். பெற்றோர் ஒருவரோடு ஒருவர் பேசுவதை விரும்பாத நிர்வாகமாக இருந்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தப்பாக ஏதாவது கண்ணில் பட்டால், அங்கேயே சண்டை போட்டு அவர்களை உஷார்ப்படுத்தாதீர்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாலியல் கொடுமை என்று சந்தேகம் இருந்தால் குளிப்பாட்டாதீர்கள், போட்டிருந்த துணியைத் துவைக்காதீர்கள், பிளாஸ்டிக் பையில் இல்லாமல் காகிதப் பையில் எடுத்து வையுங்கள். காயங்களைத் தேதியோடு படமெடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள், காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். “பேசாத பிள்ளை எப்படிச் சாட்சி சொல்லும்?” என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால் நகராதீர்கள். பேச முடியாதவர் சைகையால் சொல்வதும் சட்டத்தின் பார்வையில் வாய்மொழிச் சாட்சியம்தான். வாக்குமூலம் வாங்கும்போது சிறப்பு ஆசிரியரின் உதவியைப் பெற போக்சோ சட்டமே வழி வைத்திருக்கிறது. பிள்ளையின் ஜாடை புரிந்த ஆசிரியர் யார் என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். விடுதிப் பணியாளர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை கடுங்காவல். பொறுப்பிலிருப்பவர் தெரிந்தே சோறோ தண்ணீரோ கொடுக்காமல் போட்டால், 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. சமாதானம் பேச, கட்டிய பணத்தைத் திருப்பித் தர ஆள் வரும். அங்கே இன்னும் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை அப்போது நினையுங்கள்.

காவல் நிலையத்தில் ரசீது தரவில்லை என்றால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதன் நகலை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கும், சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல ஆணையருக்கும் அனுப்புங்கள். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவோடு நேரில் போய் நின்று, மனு எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள்.